மூவாயிரமும் பத்து ரூபாயும்

(பட்டிமன்றத் தலைப்பு: உதவியிலே சிறந்தது தனியாகக் கொடுப்பதா? கூடிக் கொடுப்பதா? 'கூடிக் கொடுப்பதே' அணியின் இரண்டாவது பேச்சு.)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியிலே ஆளுக்கொரு கர்ணனாக உட்கார்ந்திருக்கிற அருமைச் சகோதரர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! அரங்கத்திலே நிறைந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டிலே ஒரு கண்ணை அடுப்பிலேயும் ஒரு கண்ணைத் தொலைக்காட்சியிலேயும் வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிற என் சகோதரிகளே!

எனக்கு முன்னாலே பேசிய எதிரணிச் சகோதரர் என்ன சொன்னார்? "வலது கை கொடுக்கிறது இடது கைக்குத் தெரியக் கூடாது. அதுதான் தர்மம். நாலு பேரைக் கூட்டி, நோட்டுப் போட்டு, கணக்கு எழுதிக் கொடுத்தா அது தர்மமா, இல்லே மளிகைக் கடையா?"ன்னு கேட்டார். நல்லா கைதட்டு வாங்கினார். நானும் தட்டினேன். ஏன்னா அவர் வீட்டுக்காரம்மா எனக்குப் பழக்கம். அவங்க எங்கிட்டே சொல்லியிருக்காங்க. "டீச்சர், இவர் கொடுக்கிறது இடது கைக்குத் தெரியாதுங்கறது நிஜம்தான். ஆனா வலது கைக்கே இன்னும் தெரியாது."

(சிரிப்பு, கைதட்டல்)

நடுவர்: அம்மா, அவர் பாவம். இன்னைக்கு ராத்திரி அவர் வீட்டுக்குப் போகணும்.

போகட்டும் ஐயா. அங்கேயும் ஒரு நடுவர் இருக்காங்க. அங்கே கிடைக்கிற தீர்ப்புக்கு அப்பீலே கிடையாது.

விஷயத்துக்கு வர்றேன். எதிரணித் தலைவர் பாரியைச் சொன்னார். படர்றதுக்குக் கொம்பு இல்லாம முல்லைக்கொடி ஒண்ணு வாடி நின்னுச்சு. பாரி தன்னுடைய தேரையே நிறுத்திட்டு நடந்து போனான். "இதுக்கு என்ன கமிட்டியா போட்டான்? தீர்மானம் நிறைவேத்தினானா?"ன்னு கேட்டார். இல்லேதான். பாரி வள்ளல்தான். அதிலே எனக்கு ஒரு சண்டையும் இல்லே. ஆனா எதிரணித் தலைவர் கதையைத் தேரோட நிறுத்திட்டார். நான் கொஞ்சம் மேலே சொல்லவா?

பாரியினுடைய பறம்பு நாட்டிலே முந்நூறு ஊர்கள். அந்த முந்நூறு ஊரையும் வந்து கேட்டவங்களுக்கே கொடுத்துட்டான்னு புறநானூறு சொல்லுது. அப்புறம் மூவேந்தர்களும் பறம்பை முற்றுகை போட்டாங்க. பாரி போயிட்டான். அவனுடைய பெண்கள், நாம அங்கவை, சங்கவைன்னு பேர் சொல்லிக் கூப்பிடுறோமே, அந்தப் பிள்ளைகள் நடுத்தெருவிலே நின்னாங்க. கபிலர்தான் அந்த ரெண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு, "இவங்களைக் கட்டிக்க மாட்டீங்களா"ன்னு குறுநில மன்னர்கள் வாசல்லே போய்க் கேட்டார். விச்சிக்கோன்கிட்டே கேட்டார். இருங்கோவேள்கிட்டே கேட்டார். முடியாதுன்னுட்டாங்க. கொடிக்குத் தேர் கொடுத்தவன் பெத்த பிள்ளைகளுக்குப் பிடிச்சுக்க ஒரு கொம்பு இல்லே ஐயா!

(கைதட்டல்)

நான் பாரியைக் குறை சொல்லலே. என் மேலே கல்லைத் தூக்கிப் போட்டுடாதீங்க. நான் சொல்றது ஒண்ணுதான். ஒருத்தர் கையை நம்பி நிக்கிற தர்மம், அந்த ஒருத்தர் சாயற அன்னைக்குச் சேர்ந்தே சாயுது. அவருக்கு உடம்புக்கு முடியாமப் போகலாம். வியாபாரம் படுத்துப் போகலாம். மருமகள் வரலாம்.

(சிரிப்பு)

இது என்னுடைய முதல் வாதம். ஆனா நான் இங்கே எழுந்து நிக்கிறதுக்குக் காரணம் அது இல்லே. தனியாகக் கொடுத்து நானே ஒரு பெரிய தப்புப் பண்ணியிருக்கேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

இந்த மதுரையிலே எங்க தெருவுக்குத் தினமும் சாயங்காலம் ஒரு பூக்காரம்மா வருவாங்க. தலையிலே கூடை, கூடையிலே மல்லி. தெரு முனையிலே "பூவே..."ன்னு ஒரு குரல் கொடுத்தா, எங்க வீட்டுக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதில்லே, மணி அஞ்சரை. வீட்டுக்காரர் இல்லே. ஒரே பையன். பாலிடெக்னிக்கிலே இடம் கிடைச்சிருந்துச்சு. பீஸ் கட்டப் பணம் போதலே. எங்க வீட்டு வாசல் படியிலே உட்கார்ந்து கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. நான் உள்ளே போனேன். பீரோவைத் திறந்தேன். மூவாயிரம் ரூபாய் எடுத்துட்டு வந்து கையிலே கொடுத்தேன். "திருப்பித் தர வேண்டாம். உங்க பையன் படிச்சாப் போதும்"னு சொன்னேன். அன்னைக்கு ராத்திரி எனக்கு நல்ல தூக்கம். எங்க வீட்டுக்காரர்கிட்டே நாலு தடவை சொன்னேன். அவர் சொன்னார், "வலது கை கொடுத்தது என் காதுக்கு நாலு தடவை வந்துடுச்சு, விளக்கை அணை"ன்னார்.

மறுநாள் பூக்காரம்மா வந்தாங்க. ரெண்டு முழம் கேட்டா மூணு முழம் அளந்தாங்க. காசு வேண்டாம்னுட்டாங்க. நான் "பரவாயில்லே வாங்கிக்குங்க"ன்னேன். அவங்க வாங்கலே. சரின்னு விட்டுட்டேன். உண்மையைச் சொல்றேனே, சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ஓசி மல்லிக்கு வாசம் கொஞ்சம் ஜாஸ்தி.

(சிரிப்பு)

அதுக்கப்புறம் அவங்க உட்கார்ந்திருக்கிறப்போ நான் வெளியே வந்தா எழுந்திருச்சு நின்னாங்க. முன்னாலே அப்படிச் செய்ய மாட்டாங்க. முன்னாலே எங்கிட்டே சண்டை போடுவாங்க. "முழம் என்னம்மா இவ்வளவு சின்னதா இருக்கு"ன்னு நான் கேட்டா, "உங்க கை நீளம் டீச்சர், என் கை கட்டை. சாமி கொடுத்த கை, நான் என்ன பண்ண"ன்னு பதில் சொல்லுவாங்க. அந்தப் பதிலெல்லாம் நின்னு போச்சு. நான் அதைக் கவனிக்கலே ஐயா. மரியாதைன்னு நினைச்சுக்கிட்டேன்.

ஒரு நாள் வாசல்லே நாலஞ்சு பெண்கள் நிக்கிறோம். பூக்காரம்மா பூ அளந்துக்கிட்டு இருக்காங்க. நான் கேட்டேன். அக்கறையாத்தான் கேட்டேன், சத்தியமா. "பையன் ஒழுங்கா படிக்கிறானா? கட்டின பணம் வீணாகிடக் கூடாது, பார்த்துக்குங்க."

அளந்துக்கிட்டு இருந்த கை நின்னுடுச்சு. முகம் என்னமோ ஆயிடுச்சு. "படிக்கிறான் டீச்சர்"னாங்க. கூடையைத் தூக்கினாங்க. போயிட்டாங்க. மறுநாள் வரலே. அதுக்கு மறுநாளும் வரலே. ஒரு வாரம் எங்க தெருவிலே "பூவே" கேட்கலே.

விசாரிச்சுப் போய்ப் பார்த்தேன். வேற ஏதோ தெருவிலே விக்கிறாங்க. எங்க தெருவிலே இருபது வீடு வாடிக்கை. அத்தனையும் விட்டுட்டுப் போயிருக்காங்க. "ஏம்மா வரலே? நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?"ன்னேன். அவங்க சொன்னதை அப்படியே சொல்றேன்.

"தப்பெல்லாம் இல்லே டீச்சர். கடனா கொடுத்திருந்தா வட்டி போட்டு அடைச்சிருப்பேன். இது அடைக்க முடியாத கடனா இருக்கே. உங்க வாசல்லே என்னாலே நிமிர முடியலே."

(அரங்கத்தில் அமைதி)

நான் கொடுத்தது மூவாயிரம் ரூபாய். எடுத்துக்கிட்டது என்ன? ஒரு மனுஷியினுடைய வாய்ப் பேச்சு. அவங்க பிழைப்பு நடந்த இருபது வீடு. அவங்க நிமிர்வு. சந்தையிலே கூட இவ்வளவு அநியாய விலை கிடையாதுங்க.

வள்ளுவர் இதையெல்லாம் யோசிச்சிருக்கார். ஈகை அதிகாரத்திலேயே அவர் சொல்றார், கேட்டு வந்தவனுடைய முகம் மலர்றதைப் பார்க்கிற வரைக்கும், நம்மகிட்டே ஒருத்தன் கேட்டு நிக்கிறதே நமக்குத் துன்பம்தான்னு. கேட்கப்படுறதே துன்பம்னா, கேட்கிறது எவ்வளவு பெரிய துன்பம்! இன்னொண்ணு கவனிங்க. ஈகை 23-ஆவது அதிகாரம். அதுக்கு முந்தின 22-ஆவது அதிகாரம் என்ன? ஒப்புரவறிதல். ஊரோட ஒத்து, ஊருக்குப் பயன்பட வாழறது. அதை முதல்லே வச்சுட்டு, கொடுக்கிறதை அப்புறம் வச்சார். ஒப்புரவுக்கு அவர் காட்டுற உவமை என்ன? ஊர் நடுவிலே தண்ணி நிறைஞ்ச ஊருணி. ஊருக்குள்ளே பழுத்து நிக்கிற மரம்.

ஊருணியிலே தண்ணி எடுக்கிறவங்க யாருக்காவது கும்பிடு போட்டிருக்காங்களா? குடத்தை முக்குவாங்க, எடுப்பாங்க, இடுப்பிலே வச்சுக்கிட்டு ஊர்க்கதை பேசிக்கிட்டே போவாங்க. ஏன்? அது எல்லாருடைய தண்ணி. ஊருணிக்கு வாசப்படி கிடையாது. என் வீட்டுப் பீரோவுக்கு வாசப்படி இருந்துச்சு. அந்தம்மா அதிலேதான் இடறி விழுந்தாங்க.

(கைதட்டல்)

இது நம்ம ஊருக்குப் புதுசா? எதிரணியிலே ஒருத்தர், "கூட்டமா சேர்ந்து கொடுக்கிறதெல்லாம் வெளிநாட்டுப் பழக்கம்"னு சொன்னார். நல்லாயிருக்கு! புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி, ஆவணியிலே போய்ப் பாருங்க. மொய் விருந்து நடக்கும். கறிச்சோறு போட்டு, நோட்டுப் போட்டு எழுதுவாங்க. மொய் வாங்கறவங்க யாராவது தலை குனியறாங்களா? மீசையை முறுக்கிக்கிட்டு வாங்குறாங்க! ஏன்னா நேத்து அவங்க வச்சவங்க. நாளைக்கும் வைக்கப் போறவங்க. வாங்கற கையும் கொடுக்கிற கையும் ஒரே கைங்கறதாலே அங்கே வெட்கத்துக்கு இடம் இல்லே. மொய் தர்மம் இல்லே, அது திரும்பி வர்ற பணம், ஒத்துக்கறேன். ஆனா அதுக்குள்ளே இருக்கிற சூட்சுமத்தை விட்டுடாதீங்க.

விருதுநகர்லே வியாபாரிகள் மகமைன்னு வச்சாங்க. ஒவ்வொரு வியாபாரத்திலேயும் ஒரு சின்னப் பங்கு பொதுவுக்கு. வீட்டிலே பெண்கள் பிடி அரிசி வச்சாங்க. உலை வைக்கிறப்போ அரிசி அளந்தா, அதிலேருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையிலே போடணும். அதை வீடு வீடாச் சேர்த்து வித்துப் பள்ளிக்கூடம் நடத்தினாங்க. அந்தச் சத்திரிய வித்தியாசாலையிலே ஒரு பையன் படிச்சான். தகப்பனார் சின்ன வயசிலேயே போயிட்டார், அம்மா கஷ்டப்பட்டு வளர்த்தாங்க. அந்தப் பையன் பேர் காமராஜ்!

(பலத்த கைதட்டல்)

யார் வீட்டு அரிசியிலே காமராஜர் படிச்சார்னு கேட்டா யாராவது பதில் சொல்ல முடியுமா? எந்த வீட்டம்மாவாவது "நான் போட்ட பிடி அரிசியிலே படிச்ச பையன்தான் இன்னைக்கு முதலமைச்சர்"னு சொல்லிக் காட்ட முடியுமா? முடியாது. ஊர் அரிசி. எதிரணி நண்பர் கேட்ட 'இடது கைக்குத் தெரியாத தர்மம்' எங்கேன்னா, அது இங்கேதான் இருக்கு ஐயா. தனியாகக் கொடுக்கிறப்போ வாங்கினவருக்குக் கொடுத்தவர் யாருன்னு தெரிஞ்சுதான் ஆகணும். கூடிக் கொடுக்கிறப்போ கொடுத்த கை எதுன்னு கொடுத்தவருக்கே தெரியாது!

அந்தப் பையன் முதலமைச்சரானப்போ என்ன பண்ணினார்? 1956-லே பள்ளிக்கூடத்திலே மதிய உணவு. அதையும் அரசாங்கமே தனியா பண்ணலே. ஊர்க்காரங்க பங்கையும் சேர்த்துத்தான் அடுப்புப் பத்த வச்சாங்க. கல்வித்துறையிலே நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் இருந்தப்போ, 1958-லேருந்து பள்ளிச் சீரமைப்பு மாநாடுன்னு ஊர் ஊரா நடத்தினாங்க. பள்ளிக்கு என்ன வேணும்னு பட்டியல் போட்டு, ஊர்க்காரங்களே கட்டடம், பெஞ்சு, மணி, சீருடைன்னு ஆளுக்கு ஒண்ணா ஏத்துக்கிட்டாங்க. பிடி அரிசியிலே படிச்சவருக்குப் பிடி அரிசியோட அருமை தெரிஞ்சிருந்துச்சு.

பழைய கதைன்னு தள்ளிடாதீங்க. 2018 நவம்பர்லே கஜா புயல் வந்து தென்னை மரத்தையெல்லாம் சாய்ச்சுட்டுப் போச்சு. மறு வருஷம், 2019-லே, புதுக்கோட்டை மாவட்டத்துக் கொத்தமங்கலத்திலே இளைஞர்கள் கூடிப் பணம் சேர்த்துத் தங்கள் ஊர்க் குளத்தைத் தூர்வாரினாங்க. தனி ஆள் ஒருத்தர் தன் தோட்டத்துக்குக் கிணறு வெட்டலாம். குளத்துக்கு ஊர் வேணும்.

இனி எங்க தெருவுக்கு வர்றேன்.

பூக்காரம்மா சொன்ன வார்த்தை எனக்கு முள்ளாக் குத்திக்கிட்டே இருந்துச்சு. எதிர் வீட்டுப் பாட்டிகிட்டே சொல்லி அழுதேன். அவங்களுக்கு எண்பது வயசு. அவங்க சொன்னாங்க. "அடியே, ஒத்தையாக் கொடுத்தா அது உன் பேரு. சேர்ந்து கொடுத்தா அது ஊர்ப்பேரு. ஊர்கிட்டே வாங்கறதுக்கு யாருடி வெட்கப்படுவா?" அவ்வளவுதான். பாட்டி வீட்டுப் பழைய பிஸ்கட் டப்பா ஒண்ணை எடுத்து, மூடியிலே அரிவாள்மணையாலே ஒரு கீறல் போட்டோம். ஆச்சு உண்டியல். மாசா மாசம் முதல் ஞாயித்துக்கிழமை, பாட்டி வீட்டுத் திண்ணையிலே கூட்டம். எங்க வீட்டுக்காரர் இதுக்குப் பேரே வச்சுட்டார், 'டப்பாக் கூட்டம்.' "எங்கே கிளம்பிட்டே, டப்பாவுக்கா?"ம்பார். இப்போ அவர்தான் அதுக்குக் கணக்கு எழுதுறார். என்ன பண்றது, வீட்டுக் கணக்குத்தான் அவர் கைக்குப் போறதில்லே, இதாவது போகட்டும்னு விட்டுட்டோம்.

(சிரிப்பு)

எங்க விதிகளைச் சொல்றேன். வீட்டிலே இருக்கிற சகோதரிகள் வேணும்னா குறிச்சுக்குங்க. ஒண்ணு, முடிஞ்சதைப் போடலாம். கவர்லே வச்சு, பேர் எழுதாமப் போடணும். நூறும் போடலாம், அஞ்சும் போடலாம். ரெண்டு, போடற பணம் எவ்வளவா இருந்தாலும் ஒரு வீட்டுக்கு ஒரு ஓட்டுத்தான். மூணு, உதவி எங்க வார்டுக்குள்ளே மட்டும். நாம கண்ணாலே பார்த்து, நடந்து போய் விசாரிக்கிற தூரத்துக்குள்ளே. நாலு, கையிலே பணமா கொடுக்கிறதில்லே. பீஸ்னா கல்லூரியிலே, மருந்துன்னா கடையிலே நேரா கட்டி, ரசீதை நோட்டிலே ஒட்டிடணும். அஞ்சு, டப்பாவை மூணு பேர் முன்னாலேதான் திறக்கணும். கணக்கை எல்லார் முன்னாலேயும் சத்தமாப் படிக்கணும். ஆனா வாங்கினவங்க பேரைத் தெருவிலே பேசக் கூடாது. பேசினா அவங்க அடுத்த கூட்டத்துக்கு எல்லாருக்கும் பஜ்ஜி போடணும்.

நடுவர்: பஜ்ஜி கிடைக்கும்னா வேணும்னே பேசச் சொல்லுவாங்களே அம்மா!

பேசினவங்கதான் போடணும் ஐயா, இருபத்து நாலு வீட்டுக்கு. ஒரு தடவை போட்டவங்க மறு தடவை வாயே திறக்கலே!

(சிரிப்பு)

இருபத்து நாலு வீடு. மாசத்துக்கு ரெண்டாயிரத்துக்கு மேலே விழுது. ஒரு வீட்டுக்கு அது சினிமாவுக்குப் போற காசு. சேர்த்தாப் பாருங்க, தனியா இருக்கிற ஒரு பெரியம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை மாசா மாசம் போகுது. படிப்பகத்துக்குப் பத்திரிகை போகுது. ரெண்டு பிள்ளைகளுக்குப் பீஸ் போகுது. 2020-லே ஊரடங்கு வந்து எல்லாரும் கதவைச் சாத்திக்கிட்டு உள்ளே இருந்தோமே, அப்போ கூட டப்பா நிக்கலே. சில வீட்டிலே சம்பளமே வரலே. அவங்க போடலே. மத்தவங்க கூடப் போட்டாங்க. யார் போட்டாங்க, யார் போடலேன்னு யாருக்கும் தெரியாது. என் பீரோவாலே அது முடியுமா? அந்த மாசம் என் பீரோவிலேயே துணிதான் இருந்துச்சு.

எதிரணி சொல்லும், "கூடினா சண்டை வரும்." வருமே! எங்க கூட்டத்திலே நடக்கிற சண்டையைப் பார்த்தா நாங்க கொடுக்கக் கூடியிருக்கோமா, பாகம் பிரிக்கக் கூடியிருக்கோமான்னு சந்தேகம் வரும். ஆனா சண்டை போட்டாத்தான் யோசனை வருது. தனியா கொடுக்கிறவர்கிட்டே "அது தப்பு"ன்னு சொல்ல யார் இருக்காங்க? எனக்குத்தான் யார் இருந்தாங்க?

"அவசரத்துக்குக் கூட்டம் போடுவீங்களா?"ன்னு கேட்டார். நியாயமான கேள்வி. ரோட்டிலே ஒருத்தர் அடிபட்டுக் கிடந்தா டப்பாவைத் தேடாதீங்க. ஆட்டோவைத் தேடுங்க. பசிக்குதுன்னு ஒரு குழந்தை வந்து நின்னா முதல் ஞாயித்துக்கிழமைக்குக் காத்திருக்காதீங்க. அந்த இடத்திலே தனிக் கைதான். நான் ஒத்துக்கறேன். ஆனா அது ஒரு வேளைக்கு. அந்தக் குழந்தை நாளைக்கும் சாப்பிடணும், நாளான்னைக்குப் படிக்கணும்னா ஊர் வேணும் ஐயா.

நடுவர் மணியைத் தொடுறார். பூக்காரம்மா என்ன ஆனாங்கன்னு சொல்லிட்டு உட்கார்ந்துடறேன்.

பையனுக்கு ரெண்டாம் வருஷ பீஸ். அதை டப்பாவிலேருந்து நேரா பாலிடெக்னிக்கிலே கட்டினோம். கட்டின ரசீதைக் கொடுக்க நான் போகலே. பாட்டி போனாங்க. "இது டீச்சர் பணம் இல்லே, தெருப் பணம். உன் பூவை வச்சுக்கிட்ட தலைகளோட பணம்"னு சொல்லிட்டு வந்தாங்க. நாலு நாள் கழிச்சு அஞ்சரை மணிக்கு, "பூவே..."

(கைதட்டல்)

அந்த மாசக் கூட்டத்துக்குப் பூக்காரம்மா வந்து திண்ணை ஓரமா நின்னாங்க. "நானும் மாசம் பத்து ரூபா போடலாமா?"ன்னு கேட்டாங்க. எங்களுக்குள்ளே ஒரு வாக்குவாதம். "வாங்கறவங்ககிட்டே எப்படி வாங்கறது? பாவமில்லையா?"ன்னு ரெண்டு பேர் சொன்னாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். பாட்டி ஒரு அதட்டல் போட்டாங்க. "அவ கையைப் பிடிச்சுத் தடுக்கிறதுதான்டி பாவம்." ஓட்டுப் போட்டோம். பூக்காரம்மா இருபத்து அஞ்சாவது வீடு. ஒரு வீடு, ஒரு ஓட்டு.

மூணு மாசம் கழிச்சு, எங்க வார்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏதாவது செய்யணும்னு பேச்சு வந்துச்சு. நான் டீச்சர் இல்லையா, எனக்குத் தெரியாததா? நான் எழுந்து, "ஒலிபெருக்கி வாங்கிக் கொடுக்கலாம். பிரேயருக்கு உதவும். நம்ம தெருப் பேரையும் அதிலே எழுதலாம்"னேன். எல்லாரும் தலையாட்டினாங்க. அப்போ பின்னாலேருந்து ஒரு குரல்.

"அதெல்லாம் இருக்கட்டும் டீச்சர். அங்கே பொம்பளப் பிள்ளைங்க கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லே. ஒரு பிள்ளை உள்ளே போனா இன்னொரு பிள்ளை வெளியே கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. பெரிய பிள்ளைங்க காலையிலேருந்து தண்ணியே குடிக்கறதில்லே. நான் மத்தியானம் பள்ளிக்கூட வாசல்லேதான் பூக் கட்டறேன், எங்கிட்டே சொல்லி அழுதுச்சுங்க. உங்க மைக்கு நாலு பேருக்குக் கேட்கும். இந்தப் பிள்ளைங்க சொல்றது யாருக்குக் கேட்குது?"

ஓட்டெடுத்தோம். ஒலிபெருக்கிக்கு ஒரு ஓட்டு. அது என் ஓட்டு.

(சிரிப்பு, பலத்த கைதட்டல்)

தலைமையாசிரியரைப் பார்த்து அனுமதி கேட்டோம். தாழ்ப்பாள் நாலு, குழாய் ரெண்டு, வாளி, கதவுக்குப் பெயிண்ட். டப்பாவிலே பாதி கூடக் காலியாகலே. நான் முப்பது வருஷம் டீச்சர். இந்தத் தாழ்ப்பாள் என் கண்ணுலே படலே. கொடுக்கிறவங்க மட்டும் உட்கார்ந்து பேசினா மைக்தான் வாங்குவோம். தேவைப்பட்டவங்களும் கூட உட்கார்ந்தாத்தான் தாழ்ப்பாள் வாங்குவோம்.

அன்னைக்குக் கூட்டம் முடிஞ்சு படி இறங்குறப்போ பூக்காரம்மா எனக்குப் பூ அளந்தாங்க. நான், "முழம் சின்னதா இருக்கே"ன்னேன். "உங்க கை நீளம் டீச்சர், என் கை கட்டை. காசை எடுங்க"ன்னாங்க.

(கைதட்டல்)

எடுத்துக் கொடுத்தேன் ஐயா. முழுசாக் கொடுத்தேன். அந்தக் காசு கொடுத்தப்போ எனக்கு வந்த சந்தோஷம், அந்த மூவாயிரம் கொடுத்தப்போ வரலே.

இந்தக் கதையை மேடையிலே சொல்லலாமான்னு அவங்ககிட்டே கேட்டுட்டுத்தான் வந்தேன். "சொல்லுங்க டீச்சர். அழுத கதையை மட்டும் சொல்லாதீங்க, தாழ்ப்பாள் கதையையும் சேர்த்துச் சொல்லுங்க"ன்னாங்க. சொல்லிட்டேன்.

நடுவர் அவர்களே! மூவாயிரம் ரூபாய் வாங்கினப்போ குனிஞ்ச தலை, பத்து ரூபாய் கொடுத்தப்போ நிமிர்ந்துச்சு. தனியாகக் கொடுத்தா ஒருத்தர் கொடுத்தவர் ஆவார், ஒருத்தர் வாங்கினவர் ஆவார். கூடிக் கொடுத்தா ரெண்டு பேருமே ஊர்க்காரங்க ஆவாங்க. ஆகவே உதவியிலே சிறந்தது கூடிக் கொடுப்பதே, கூடிக் கொடுப்பதே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

(பலத்த கைதட்டல்)